குடலைக் கேட்காமல் வைத்த 'கரன்ட்'

லண்டன், 1897. எக்ஸ்ரே பிறந்து இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கண்காட்சிகளில் காசு கொடுத்துத் தங்கள் கை எலும்பைப் பார்த்து ஜனங்கள் வாய் பிளந்துகொண்டிருந்த நேரம். டேவிட் வால்ஷ் என்கிற டாக்டர் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதன் 'ஹீரோ', எக்ஸ்ரே கருவியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆசாமி. அவருக்கு ஒரு விநோத வியாதி. வயிற்று வலி, பொருமல், பேதி. லீவு போட்டால் சரியாகிவிடும். வேலைக்குத் திரும்பினால் மறுபடி ஆரம்பித்துவிடும்! (ஆபீஸ் போகப் பிடிக்காத எல்லோருக்கும் இருக்கிற வியாதிதானே என்று சிரிக்காதீர்கள்!) கடைசியில், வயிற்றை ஈயத் தகட்டால் மறைத்துக்கொண்டு வேலை பார்த்தார். பேதி நின்றுவிட்டது.

எக்ஸ்ரே தோலைச் சுடும், முடியைக் கொட்டவைக்கும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. உள்ளே புகுந்து குடலையும் பதம் பார்க்கும் என்று எழுத்தில் பதிவானது அநேகமாக அப்போதுதான்.

கேன்சருக்குக் கதிர்வீச்சு கொடுப்பதை நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் 'கரன்ட் வைக்கிறது' என்பார்கள். அதில் கரன்டும் இல்லை, ஷாக்கும் இல்லை. வலிக்கவும் வலிக்காது. மேஜையில் படுக்கவைத்துச் சில நிமிடங்களில் 'எழுந்திரிங்க, முடிஞ்சுது' என்று அனுப்பிவிடுவார்கள். 'இவ்வளவுதானா?' என்று நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போவார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ வயிறு தன் வேலையைக் காட்ட ஆரம்பிக்கும். அடிவயிற்றுப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும் பலருக்கும் இதுதான் கதை. ஏன் அந்த இரண்டு, மூன்று வாரத் தாமதம்? குடலுக்கு என்னதான் கோபம்? இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் ஓர் அணுகுண்டும் வெடித்தது.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர் 8-ம் தேதி. மருத்துவர்கள் பொறுமையாக ஆராய்ந்து, எலிக்குக் கொடுத்துப் பார்த்து, அப்புறம் மனிதனுக்கு என்றெல்லாம் காத்திருக்கவில்லை. 1896 ஜூலையில், பிரான்ஸின் லியோன் நகரில், விக்டர் டெஸ்பெய்ன் என்கிற டாக்டர், வயிற்றுப் புற்றுநோயால் அவதிப்பட்ட 52 வயதுக்காரர் ஒருவருக்கு எக்ஸ்ரே சிகிச்சை கொடுத்தார். வலி குறைந்தது, கட்டியும் சுருங்கியது என்று எழுதினார். ஆனால், அந்த மனிதர் அதே மாதம் இறந்துபோனார். எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை நாள் கொடுக்க வேண்டும், கொடுத்ததை எப்படி அளப்பது? யாருக்கும் எதுவும் தெரியாது. தோல் சிவந்தால் 'டோஸ்' போதும் என்று அர்த்தம், அவ்வளவுதான்!

அடுத்த இருபது வருடங்களில் கருவிகளின் பலம் கூடியது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் சைட்ஸ், வின்ட்ஸ் என்று இரண்டு டாக்டர்கள், கர்ப்பப்பைப் புற்றுநோயை ஒரே மூச்சில் அழித்துவிட வேண்டும் என்ற கொள்கையோடு, பெரிய டோஸை மொத்தமாகப் பாய்ச்சினார்கள். சிகிச்சை முடிந்த பெண்கள் வாந்தியும் மயக்கமுமாகச் சுருண்டுகிடந்தார்கள். அந்த நிலைமைக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், 'ரான்ட்ஜன் ஹேங்ஓவர்'! ராத்திரி குடித்தவனுக்குக் காலையில் வருகிற தலைவலிக்கு அவர்கள் பாஷையில் என்ன பேரோ, அதையே வைத்துவிட்டார்கள். தாங்கிக்கொள்கிறவர்கள் பெண்கள், பெயர் வைக்கிறவர்கள் ஆண்கள் என்றால் வேறென்ன நடக்கும்?

இதே நேரத்தில் அட்லான்டிக்கின் அந்தப் பக்கம் இன்னொரு கூத்து. கதிர்வீச்சு என்றால் சர்வரோக நிவாரணி என்று நம்பி, ரேடியம் கலந்த தண்ணீரை அமெரிக்கர்கள் பாட்டில் பாட்டிலாக வாங்கிக் குடித்தார்கள். எபன் பையர்ஸ் என்கிற கோடீஸ்வரர், கோல்ஃப் சாம்பியன், 'ரேடிதார்' என்ற அந்தத் தண்ணீரைச் சுமார் 1,400 பாட்டில்கள் காலி செய்தார். தாடை எலும்பு உதிர்ந்து, 1932-ல் செத்தார். அஜீரணத்துக்கும் ரேடியத் தண்ணீர் நல்லது என்று விற்றவர்கள் உண்டு என்பதால்தான் இதைச் சொல்கிறேன்!

வயிற்றின் ரகசியத்தை முதலில் முறையாகத் துருவியவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் ஜார்ஜ் விப்பிள். ரத்தசோகை ஆராய்ச்சிக்காகப் பின்னால், 1934-ல், நோபல் பரிசு வாங்கியவர். இன்னொருவர் அவருடைய இளம் சகா, ஸ்டாஃபர்ட் வாரன். இந்த இரண்டாவது பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1922-ல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சி, நாய்களை வைத்து நடந்தது. ஒரே அளவு எக்ஸ்ரேயை ஒரு நாயின் நெஞ்சுப் பகுதிக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதே அளவை இன்னொரு நாயின் வயிற்றுப் பகுதிக்குக் கொடுத்தார்கள். வாந்தி, ரத்தபேதி, சில நாட்களில் மரணம். அறுத்துப் பார்த்தபோது, சிறுகுடலின் உள்பக்க லைனிங் காணாமல் போயிருந்தது. அடியில் தசை எல்லாம் பத்திரம். மேலே இருந்த மெல்லிய படலம் மட்டும் காலி!

காரணம் என்ன? நம் உடம்பில் ரொம்ப வேகமாகத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிற இடங்களில் ஒன்று, சிறுகுடலின் உள்சுவர். அதன் மேல்படலம் மூன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் முழுசாக உதிர்ந்து, புதுசு முளைத்துவிடுகிறது. சுவரில் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கின்றன. அந்தக் குழிகளின் அடியில் உட்கார்ந்திருக்கும் தாய் செல்கள் ஓய்வில்லாமல் பிரிந்து, புது செல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது ஒரு கன்வேயர் பெல்ட். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கதிர்வீச்சு ரொம்பத் தாக்குகிறது என்று பெர்கோனியே, ட்ரிபோண்டோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1906-லேயே சொல்லியிருந்தார்கள். கேன்சர் செல்லும் வேகமாகப் பிரிகிறது. குடல் செல்லும் வேகமாகப் பிரிகிறது. போலீஸ் ரவுண்டப்பில் திருடனோடு சேர்த்து, அந்த நேரத்தில் அந்த வழியாகப் பால் வாங்கப் போனவனும் மாட்டிக்கொண்ட கதை!

கதிர் பட்ட உடனே படலம் விழுந்துவிடாது. ஏற்கெனவே மேலே வந்துவிட்ட செல்கள் தங்கள் ஆயுசை முடித்துக்கொண்டு உதிரும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். உதிர்ந்த இடத்தை நிரப்ப கீழேயிருந்து ஆள் வராதபோதுதான் குட்டு வெளிப்படும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற இன்றைய சிகிச்சையில், உற்பத்தி படிப்படியாகக் குறைந்து, இருப்பு தீர்ந்து, கடை காலியாவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகிறது.

'கொஞ்சம் கொஞ்சமாக' என்கிற அந்த யோசனை ஒரு செம்மறிக் கிடாவிடமிருந்து வந்தது! பாரீஸ் ரேடியம் இன்ஸ்டிட்யூட்டில், மேரி கியூரியின் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்தவர் க்ளாட் ரிகோ. கிடாவின் விதைகளுக்கு ஒரே தடவையில் பெரிய டோஸ் எக்ஸ்ரே கொடுத்தால், மலடாக்குவதற்குள் மேல்தோல் வெந்துபோனது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், கிடா மலடாயிற்று. தோல் பிழைத்துக்கொண்டது. ஓயாமல் செல் பிரிகிற விதையைக் கேன்சர் கட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். 1920-களில் ரிகோவும் அவருடைய சகா ஆன்ரி கூட்டாரும் இந்த முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் பிரயோகித்தார்கள். பலர் பிழைத்தார்கள்!

நான் பி.காம். படித்தவன். எனக்கு இதைத் தவணைக் கணக்காகச் சொன்னால்தான் புரிகிறது. நல்ல செல், தவணைக்கும் தவணைக்கும் நடுவே சுதாரித்துக்கொண்டு கட்டிவிடும் கஸ்டமர். கேன்சர் செல், தவணையிலேயே திவாலாகிற பேர்வழி. இன்றைக்கும் அடிவயிற்றுக்கு ஐந்து வாரம், 25 தவணை என்பது வழக்கமான கணக்கு. ஆனால், குடல் படலத்தின் சுதாரிப்பு சக்திக்கும் ஓர் எல்லை உண்டு என்பதுதான் சிக்கல்.

இப்போது அந்த ஸ்டாஃபர்ட் வாரனுக்கு வருவோம்.

1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமா. குண்டு வெடித்துச் சில நாட்களில், தீக்காயமே படாதவர்கள்கூட ரத்தபேதியோடு ஆஸ்பத்திரிகளுக்கு வர ஆரம்பித்தார்கள். தபால் தந்தி இலாகா ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் மிசிஹிகோ ஹசியா. அவரே உடம்பெல்லாம் காயத்தோடு படுக்கையில் கிடந்தார். நோயாளிகளின் பேதியைப் பற்றிக் கேட்டதும் அவர் பயந்தது சீதபேதி தொற்றுநோயை நினைத்து. தனி வார்டு ஏற்பாடு செய்யச் சொன்னார். உலகத்தில் எந்த டாக்டரும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார். பிறகு பிரேதப் பரிசோதனைகள் நடந்தபோதுதான், இது கிருமி செய்த வேலை இல்லை என்று தெரிந்தது.

அமெரிக்கா அனுப்பிய மருத்துவக் குழு அந்த செப்டம்பரில் ஜப்பானில் இறங்கியது. தலைமை, கர்னல் ஸ்டாஃபர்ட் வாரன்! அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் புராஜெக்டின் மருத்துவப் பிரிவுக்கு அவர்தான் தலைவராக இருந்தார். 23 வருடத்துக்கு முன்னால் நாய்களின் குடலில் பார்த்த அதே காட்சியை, மனிதர்களிடம் பார்க்கிற விதி அவருக்கு. புராஜெக்டின் ஒட்டுமொத்தத் தலைவரான ஜெனரல் க்ரோவ்ஸோ, அந்த நவம்பரில் செனட் கமிட்டி முன்னால் உட்கார்ந்து, கதிர்வீச்சில் சாவது ரொம்ப சுகமான சாவு என்று டாக்டர்கள் சொல்வதாகச் சாட்சி சொன்னார். மனுஷன் எந்த டாக்டரைக் கேட்டாரோ!

யுத்தம் முடிந்ததும் அணு உலைகளிலிருந்து ஒரு நல்ல காரியமும் நடந்தது. கோபால்ட்-60. கனடாவில் 1951-ல் முதல் கோபால்ட் சிகிச்சைக் கருவிகள் வேலையைத் தொடங்கின. சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கனடாவிலிருந்து அப்படி ஒரு கருவி வந்தது, 1957-ல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, மலக்குடல் புற்றுநோயால் துடிதுடித்து 1923-ல் இறந்துபோனார். அக்கா டாக்டராக இருந்தும் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த வேதனைதான் மூன்று பத்தாண்டு கழித்து, 1954-ல், 12 படுக்கைகளோடு அந்த ஆஸ்பத்திரியாக எழுந்தது. தங்கையின் வியாதி இருந்த அதே இடத்தைக் குறிவைக்கக்கூடிய கருவி அங்கே வந்து சேர்ந்தது.

கோபால்ட்டின் விசேஷம், அதன் கதிர் தோலை அதிகம் தொந்தரவு செய்யாமல் உள்ளே ஆழமாகப் போய் வேலை செய்யும் என்பது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால், இதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. அதுவரை தோல்தான் அபாய மணி. தோல் வெந்தால் டாக்டர் நிறுத்திக்கொள்வார். இப்போது மணி அடிக்கவே இல்லை. மேலே பார்த்தால் தோல் பளிச்சென்று இருக்கும். உள்ளே குடல் மௌனமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்.

குறிப்பாகப் பெண்கள். கர்ப்பப்பை வாய் இருக்கிற இடத்தைப் பாருங்கள். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், மேலே மடிப்பு மடிப்பாகச் சிறுகுடல். எங்கே குறி பார்த்தாலும் அக்கம்பக்கத்தில் ஒருவர் அடிபடுவார். மான்செஸ்டரில் மார்கரெட் டாட் என்ற பெண் டாக்டரும், மெரிடித் என்ற பௌதிகக்காரரும் 1938-லேயே இதற்கு ஒரு கணக்கு போட்டார்கள். உள்ளே ரேடியம் வைக்கும்போது எந்தப் புள்ளியில் எவ்வளவு டோஸ் என்று அளவு நிர்ணயித்தார்கள். துணியைத் திணித்து மலக்குடலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவைப்பதும் வழக்கத்துக்கு வந்தது. ஒரு சென்டிமீட்டர் தள்ளினாலே லாபம்தான்.

இப்படிப்பட்ட சாமானிய யுக்திகள்தான் குடலை நிறையக் காப்பாற்றியிருக்கின்றன. இன்னொன்று, மூத்திரம்! கதிர்வீச்சுக்கு முன்னால் நோயாளியைத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். ஏன் இந்த அவஸ்தை என்று பலர் திட்டிக்கொண்டே செய்வார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை பலூன் மாதிரி உப்பி, சிறுகுடலை மேலே தள்ளிவிடும். குடல், கதிரின் பாதையிலிருந்து விலகிவிடும். செலவு, இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர்.

மருந்துகள் விஷயத்தில் வரலாறு அவ்வளவு பெருமைப்படும்படி இல்லை. வாந்தியில் மட்டும் ஒரு நிஜமான வெற்றி. உடம்பிலுள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தின் பெரும்பகுதி இருப்பது மூளையில் இல்லை, குடலில். கதிர் பட்டதும் அது கொட்டி, நரம்பு வழியாக மூளைக்குத் தந்தி அடிக்க, வாந்தி. அந்தத் தந்தியை மறிக்கும் ஆன்டன்செட்ரான் 1990 வாக்கில் வந்ததும், ஜெர்மானியர்களின் 'ஹேங்ஓவர்' ஏறக்குறைய ஒழிந்தது.

பேதிக்குத்தான் சோதனை மேல் சோதனை. அல்சருக்குக் கொடுக்கிற சுக்ரால்ஃபேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணின் மேல் பூச்சாகப் படியும் மருந்து. குடல் புண்ணிலும் படியுமே என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனிலிருந்து நல்ல சேதி வந்தது. எல்லோரும் கொடுத்தார்கள். 2000-ல் அமெரிக்காவில் பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு வந்தது. பேதி குறையவில்லை. சில தொந்தரவுகள் கூடவே செய்தன! சல்ஃபாசலஸைன் கதையும் இதே. முதலில் பலன் என்றார்கள், வழிகாட்டு நெறிகளிலும் ஏறியது. 2016-ல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையோ, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே பேதி அதிகம் என்பதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அரதப்பழசான லோபராமைட் மாத்திரைதான் இன்றைக்கும் முன்வரிசையில் நிற்கிறது.

பேதிதானே, பொறுத்துக்கொண்டால் போகிறது என்று இதை விட்டுவிட முடியாது. தாங்க முடியாமல் நோயாளி ஒரு வாரம் வராமல் போனால், அந்த ஒரு வாரத்தில் கேன்சர் செல்கள் பெருக ஆரம்பித்துவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மொத்த சிகிச்சையையும் எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் துரத்துவது அதனால்தான். வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்துவதும் கேன்சர் வைத்தியத்தில் சேர்த்திதான்.

பத்தியத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சு எடுக்கிறவருக்கு நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது கீரை, காய்கறி. குழைந்த சாதம், மோர், ரொட்டி. உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளும் நார்ச்சத்தைக் குறைக்கத்தான் வெகுகாலம் சொல்லிவந்தன. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. புண்ணான குடலுக்கு ஏன் சுமை? லண்டனில் ராயல் மார்ஸ்டன் ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 166 நோயாளிகள். ஒரு கோஷ்டிக்கு நார்ச்சத்து தினம் 10 கிராமுக்கு மேல் போகாமல், ஒரு கோஷ்டிக்கு 18 கிராமுக்குக் குறையாமல், இன்னொரு கோஷ்டி வழக்கம்போல். 2017-ல் முடிவு வெளியானது. நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களின் வயிறுதான் வழக்கம்போல் சாப்பிட்டவர்களைவிட நன்றாக இருந்தது! ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். (குடலில் அடைப்பு, சுருக்கம் இருப்பவர்கள் கதை வேறு. டாக்டரைக் கேட்காமல் கீரைக்கட்டோடு கிளம்பிவிடாதீர்கள்.)

இந்தியாவிலிருந்தும் முக்கியமான பதில் ஒன்று கிடைத்தது. மும்பை டாடா மெமோரியலில் டாக்டர் சுப்ரியா சோப்ரா குழுவினர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சுக்கு வந்த 300 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு, கம்ப்யூட்டர் உதவியோடு கதிரைக் குடலை விட்டு ஒதுங்கி வளைக்கிற, தினமும் படம் பார்த்துச் சரிசெய்கிற புது முறை. 2021-ல் வந்த முடிவின்படி, மூன்று வருடத்தில் பழைய முறையில் 42 சதவிகிதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க குடல் பாதிப்பு. புது முறையில் 21 சதவிகிதம். கேன்சரைக் கட்டுப்படுத்துவதில் வித்தியாசம் இல்லை. பாதிக்குப் பாதி! பணக்கார நாடுகள் விலை உயர்ந்த மெஷினை வாங்கிவிட்டு, அது உசத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், தெருவில் ஆயிரம் பேர் க்யூ நிற்கும் ஓர் ஆஸ்பத்திரி கணக்கோடு நிரூபித்தது.

அந்த 21 சதவிகிதம் பேர்? அவர்களுக்கு முன்னால் வைத்தியம் முடிந்து, வருஷக்கணக்காக பாத்ரூம் எங்கே என்று தேடியபடியே வாழ்ந்தவர்கள்? இவர்களைத்தான் மருத்துவ உலகம் ரொம்ப காலம் மறந்திருந்தது. 'உயிர் பிழைச்சீங்களே, அதை நினைச்சு சந்தோஷப்படுங்க' என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். கல்யாணத்துக்குப் போக முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. சொல்லவும் வெட்கம்.

ராயல் மார்ஸ்டனில் ஜெர்வாய்ஸ் ஆண்ட்ரியேவ் என்று ஒரு குடல் டாக்டர் இருந்தார். கதிர்வீச்சுதான் காரணம் என்று சொல்லிக் கைகழுவுவதை அவரால் ஏற்க முடியவில்லை. நோயாளிகளைத் துருவித் துருவிப் பரிசோதித்தார். ஒரே ஆளின் பேதிக்குப் பின்னால் இரண்டு, மூன்று காரணங்கள் ஒளிந்திருந்தன. அவற்றில் பலவும் வைத்தியத்துக்குக் கட்டுப்படுபவை! உதாரணமாக, பித்தநீர். சாப்பாட்டைச் செரிக்க ஊறுகிற பித்த அமிலத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். கதிர் அந்தப் பகுதியைக் கெடுத்துவிட்டால், அமிலம் பெருங்குடலில் இறங்கி, தண்ணீராகப் போகும். அதற்கு, கொலஸ்ட்ராலைக் குறைக்கப் பயன்பட்ட பழைய பவுடர் மருந்து ஒன்றே போதும். வேறு சிலருக்குச் சிறுகுடலில் பாக்டீரியாக்கள் மிதமிஞ்சிக் குடியேறியிருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக்.

2013-ல் அவருடைய குழு 'லான்செட்' பத்திரிகையில் ஒரு முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சு முடிந்தும் ஆறு மாதத்துக்கு மேல் வயிறு அடங்காத 218 பேர். ஒரு பகுதியினருக்கு ஆலோசனைப் புத்தகம் மட்டும். இன்னொரு பகுதியினரைக் குடல் டாக்டர் பார்த்தார். மூன்றாவது பகுதியினரை, இந்த அறிகுறி என்றால் இந்த டெஸ்ட், இந்த ரிசல்ட் என்றால் இந்த மருந்து என்று வரிசையாக எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் பார்த்தார். புத்தகம் வாங்கிப் போனவர்களைவிட மற்ற இரண்டு பகுதியினரும் நன்றாகத் தேறினார்கள். நர்ஸுக்கும் டாக்டருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

யாரை அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க அவர்கள் பெரிய கருவி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. சில நேரடிக் கேள்விகள் மட்டும். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து மலம் கழிக்கப் போகவேண்டியிருக்கிறதா? அவசரமாக ஓடியும் சில சமயம் போய்ச் சேர முடியாமல் ஆகிறதா? ரத்தம் போகிறதா? வயிற்றுக் கோளாறால் எங்கேயும் போகாமல், எதிலும் கலந்துகொள்ளாமல் இருக்கிறீர்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும், அந்த நோயாளி குடல் டாக்டரின் அறைக்கு அனுப்பப்பட்டார்.